ஐரோப்பாவில் கல்வித் தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பணம்: எங்கே கிடைக்கிறது, எங்கே நின்றுபோகிறது?

பொருநை எழுதியது:

ஏழாவது சட்டகத் திட்டமான எஃப்பி7 (2007–2013) காலத்தில் தொழில்நுட்பவழிக் கற்றலுக்கு ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தில் தனி இடம் இருந்தது. 2011–12 வேலைத்திட்டத்தில் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பிரிவின் 8ஆவது சவாலுக்குள் அது ஒரு தனி இலக்கு. லக்சம்பர்க்கில் அதைக் கவனிக்க ஓர் அலகும் இருந்தது. அடுத்த திட்டமான ஹொரைசன் 2020 வந்ததும் ஐசிடி அழைப்புகளில் (விண்ணப்பம் கேட்டு வெளியிடும் அறிவிப்புகளில்) ஒன்றிரண்டு தலைப்பாகச் சுருங்கியது. இப்போது ஹொரைசன் யூரோப் (2021–2027) மொத்தம் 9,550 கோடி யூரோ என்கிறார்கள், மானியப் போர்ட்டலில் 'தொழில்நுட்பவழிக் கற்றல்' என்று போட்டுத் தேடினால் உருப்படியாக ஒன்றும் வருவதில்லை.

இரண்டு கேள்வி. புதிதாக ப்ரொபோசல் எழுதுகிற குழு எங்கே பார்க்க வேண்டும்? அடுத்தது, இத்தனை வருடம் பணம் கொட்டியும் பெரும்பாலான திட்டங்கள் ஒரு முன்மாதிரி, நாலு கட்டுரை, செத்துப்போன இணையதளம் என்று முடிவது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் பலருக்கும் பயன்படும்.

கடலோடி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் 165ஆவது பிரிவைப் படியுங்கள். பாடத்திட்டமும் கல்வி அமைப்பும் உறுப்பு நாடுகளின் பொறுப்பு. ஒன்றியம் ஊக்குவிக்கலாம், துணை நிற்கலாம், சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக்கூடாது. ஆராய்ச்சியோ 179ஆவது பிரிவிலிருந்து தொடங்குகிற தனி அதிகாரம். ஆக பிரஸ்ஸல்ஸ் (ஒன்றியத்தின் நிர்வாகமான ஐரோப்பியக் கமிஷன்) ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கலாம், அதன் விளைவை ஒரு பள்ளியிலாவது வாங்க வைக்க முடியாது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி கீழே: கல்வி 16 மாநிலங்களின் கையில். 2019இல் மத்திய அரசு 'டிஜிட்டல்பாக்ட்' என்று பள்ளிகளுக்கு 500 கோடி யூரோ கொடுக்க நினைத்தபோது, அதற்காக அரசியல் சட்டத்தின் 104சி பிரிவையே திருத்த வேண்டியிருந்தது. சொந்த நாட்டு மத்திய அரசுக்கே இந்த நிலை என்றால் கமிஷன் எம்மாத்திரம்?

எஃப்பி6, எஃப்பி7 காலத்தில் இந்தப் பள்ளத்தை ஆராய்ச்சியாளர்களை ஒன்றுசேர்த்து நிரப்பப் பார்த்தார்கள். கலைடாஸ்கோப், ப்ரோலேர்ன் (இரண்டும் 2004இல் தொடங்கியவை), பிறகு ஸ்டெல்லார் (2009–2012) என்று 'உன்னத வலையமைப்பு'களுக்கு மானியம் போனது. 2006இல் தொடங்கிய ஈசி-டெல் என்கிற தொழில்நுட்பவழிக் கற்றல் மாநாடு இன்றும் நடப்பது அந்தக் கால உழைப்பின் மிச்சம். ஆராய்ச்சிச் சமூகம் உருவானது, வாங்குகிறவன் உருவாகவில்லை.

பெரிய அளவில் பள்ளிக்குள் போன முயற்சி என்றால் ஐடெக் (2010–2014). ஐரோப்பியக் கல்வி அமைச்சகங்களின் கூட்டமைப்பான யூரோப்பியன் ஸ்கூல்நெட் முன்னின்று நடத்தியது, அமைச்சகங்களே உள்ளே இருந்தன. அதனால்தான் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் நுழைய முடிந்தது. இன்னொன்று ட்வென்டே பல்கலைக்கழகம் முன்னின்ற கோ-லேப் (2012–2016). மெய்நிகர் ஆய்வகங்களைத் திரட்டித் தந்த தளம் அது. முதல் மானியம் முடிந்ததும் நெக்ஸ்ட்-லேப் என்று இன்னொரு மானியம் வாங்கித்தான் மூச்சு விட்டது. அதாவது, பிழைத்த திட்டத்தைப் பிழைக்க வைத்ததும் அடுத்த ஆராய்ச்சி மானியமே.

சுண்டைக்காய் எழுதியது:

கடலோடி சொன்னது சரி. நான் முதல் கேள்விக்கு.

ஹொரைசன் யூரோப்பில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. கிளஸ்டர் (துறைவாரியான பிரிவு) 2இல் 'டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' என்கிற பகுதி: கல்வி, வேலை, ஏற்றத்தாழ்வு பற்றிய அழைப்புகள். இங்கே மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் சமூக அறிவியலார். 'எங்கள் அல்காரிதம் 4 சதவீதம் கூடுதல் துல்லியமானது' என்று ஆரம்பித்தால் அங்கேயே மார்க் போய்விடும். கிளஸ்டர் 4இல் 'ஹியூமன்' என்று முடிகிற இலக்கு: விரிவுண்மை, செயற்கை நுண்ணறிவு, திறன்கள். அங்கே கல்வி என்பது ஒரு பயன்பாட்டுத் துறை மட்டுமே. 'லேர்னிங்' என்று தேடினால் மெஷின் லேர்னிங் நூறு வரும், அதனால் தலைப்பை நம்பாமல் 'எதிர்பார்க்கும் விளைவுகள்' பத்தியைப் படியுங்கள்.

மார்க் கணக்கு: சிறப்பு, தாக்கம், செயலாக்கம் என்று மூன்று, ஒவ்வொன்றுக்கும் 5. ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 10 எடுத்தால் பாஸ். பாஸ் ஆனால் பணம் வரும் என்று அர்த்தமில்லை, கூட்டம் மிகுந்த அழைப்பில் 13க்கு மேல் எடுத்தும் வெளியே நிற்பார்கள். புத்தாக்க நடவடிக்கை (சந்தைக்கு நெருக்கமான வேலைக்கான மானியம்) வகையில் வரிசைப்படுத்தும்போது தாக்கத்தின் மார்க்கை 1.5ஆல் பெருக்குவார்கள். கல்விக் குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது இந்தத் தாக்கத்தில்தான்.

செலவு விகிதம்: ஆராய்ச்சி நடவடிக்கைக்கு 100 சதவீதம். புத்தாக்க நடவடிக்கையில் நிறுவனங்களுக்கு 70, லாப நோக்கற்றவர்களுக்கு 100. மறைமுகச் செலவுக்கு (மேல்செலவு) நேரடிச் செலவின் மேல் ஒரே விகிதமாக 25 சதவீதம், ஆனால் துணை ஒப்பந்தத்துக்கு அது கிடையாது. எஃப்பி7இல் பல்கலைக்கழகங்களுக்கு 75 சதவீதம்தான், மேல்செலவுக்கு ஆளுக்கொரு முறை. அந்தத் தலைவலி ஒழிந்தது நல்லதே.

ஒரு பல்கலைக்கழகப் பார்ட்னரின் 36 மாதக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஆராய்ச்சியாளரின் ஆண்டுச் சம்பளச் செலவு 64,500 யூரோ. அதை 215 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 300. மூன்று வருடம் முழுநேரம் என்றால் 645 நாள், 1,93,500 யூரோ. பயணம் 12,000. டேப்லெட் 30, ஒன்று 350 வீதம் 10,500. ஆனால் 10,500ஐ எழுதக்கூடாது. டேப்லெட்டின் ஆயுள் 3 வருடம், திட்டத்தில் பயன்படுவது 18 மாதம் என்றால் தேய்மானம் 5,250 மட்டும். நேரடிச் செலவு 2,10,750. 25 சதவீதம் 52,687.50, சேர்த்து 2,63,437.50. மொழிபெயர்ப்புக்குத் துணை ஒப்பந்தம் 8,000, மேல்செலவு இல்லாமல். மொத்தம் 2,71,437.50 யூரோ. தேய்மானத்தை மறந்து முழு விலை போட்டவர்கள் தணிக்கையில் திருப்பிக் கட்டுவார்கள், மேல்செலவோடு சேர்த்து.

சின்ன எட்டெக் (கல்வித் தொழில்நுட்ப) கம்பெனி பார்ட்னராக இருந்தால் கைப்பணக் கணக்கும் பாருங்கள். முன்பணமும் இடைத்தொகையும் சேர்த்து 90 சதவீதத்தைத் தாண்டாது. அதிலும் 5 சதவீதம் பரஸ்பரக் காப்பு நிதிக்குப் பிடித்து வைப்பார்கள் (8 வரை போகலாம்). ஆக 3 லட்சம் யூரோ பங்கில் கிட்டத்தட்ட 45,000 கடைசி அறிக்கை ஏற்கப்பட்டபிறகே கைக்கு வரும். அதுவரை சம்பளம் எங்கிருந்து? இதைப் பேசாமல் கையெழுத்துப் போட்டு, 30ஆவது மாதத்தில் கம்பெனி கழன்றுகொண்டு, அதன் மென்பொருளை நம்பிய பைலட் (பள்ளியில் நடக்கும் சோதனை ஓட்டம்) நட்டாற்றில் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

முள்முருங்கை எழுதியது:

பள்ளிக் கல்விக்கு ஹொரைசனை விட ஒன்றியத்தின் கல்வி மானியத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்தான் பொருத்தம் என்பது என் கட்சி. 2021–2027க்கு சுமார் 2,600 கோடி யூரோ. கூட்டுறவுப் பங்காண்மை என்கிற கேஏ220இல் மொத்தத் தொகையாக 1,20,000, 2,50,000, 4,00,000 என்று மூன்று படி. மூன்று நாட்டில் மூன்று அமைப்பு போதும். விண்ணப்பம் உங்கள் நாட்டுத் தேசிய முகமைக்குப் போகும். பள்ளிகளும் சின்ன அமைப்புகளும் முதல்முறை வருவதானால் கேஏ210: இரண்டு நாடு, இரண்டு அமைப்பு, 30,000 அல்லது 60,000.

முக்கியமான வித்தியாசம், இதில் ஆசிரியர்கள் உள்ளே இருப்பார்கள். மென்பொருளைத் தூக்கிக்கொண்டு கடைசியில் பள்ளிக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

கடலோடி எழுதியது:

முள்முருங்கை, பங்கேற்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆராய்ச்சிக்கு? 2,50,000ஐ ஐந்து பார்ட்னருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50,000, அதில் நிர்வாகத்துக்கு 20 சதவீதம் வரை போகும். மீதியில் கட்டுப்பாட்டுக் குழு வைத்து அளக்கிற ஆய்வு நடக்காது. வருவது பெரும்பாலும் ஒரு 'டூல்கிட்', ஒரு பிடிஎஃப் கையேடு, மூடுல் என்கிற இலவச மென்பொருளில் ஒரு பாடத் தளம். அந்தத் தளத்தின் டொமைனை இரண்டாவது வருடம் யாரும் புதுப்பிப்பதில்லை. வியாதி அதேதான், தொகை மட்டும் சின்னது.

முள்முருங்கை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், கேஏ220 ஆராய்ச்சி மானியம் இல்லை. ஆனால் அதே எராஸ்மஸ் பிளஸில் 'கொள்கைப் பரிசோதனை' என்று ஒரு வகை உண்டு, அமைச்சகங்களை வைத்துப் பெரிய அளவில் சோதிப்பதற்கு. எங்கே வாங்குகிறவன் என்று கேட்டீர்களே, அங்கே அவன் உட்கார்ந்திருக்கிறான்.

ஆடிக்காற்று எழுதியது:

பைலட் பற்றி யாரும் பேசவில்லை. பெரும்பாலான திட்டங்கள் உயிரை விடுவது காலண்டரில்.

செப்டம்பர் 2026இல் அழைப்பு மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்ல 5 மாதம், ஒப்பந்தம் போட 3 மாதம் என்பது விதி. மே 2027இல் கையெழுத்து, ஜூன் 1 தொடக்கம். பள்ளிகள் கோடை விடுமுறைக்குப் போகிற நேரம். நவம்பரில், ஆறாவது மாதத்தில், தரவு மேலாண்மைத் திட்டம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 2027 கல்வியாண்டு தவறிவிட்டது, ஏனென்றால் மென்பொருளும் இல்லை, பள்ளி அனுமதியும் இல்லை. முதல் உண்மையான வகுப்பு செப்டம்பர் 2028, அதாவது 16ஆவது மாதம். இரண்டாவது 28ஆவது மாதம். மே 2030இல் கடை மூடியாயிற்று. மூன்று வருடத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே கல்வியாண்டு, இரண்டாவது முழுசாகக்கூட முடியாது. 42 மாதம் கேளுங்கள். அழைப்பில் வேறு மாதிரிச் சொல்லாத வரை தடை இல்லை.

ஜெர்மனியில் பள்ளிக்குள் ஆய்வு செய்ய மாநில அதிகாரிகளின் அனுமதி தனித்தனியாக வேண்டும். இரண்டு மாநிலம் என்றால் இரண்டு விண்ணப்பம், வினாத்தாள் உட்பட. நடுவில் ஒரு கேள்வியை மாற்றினாலும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும்.

அடுத்தது மாதிரி அளவு. '40 பள்ளி, 1,000 மாணவர்' என்று பெருமையாக எழுதுவார்கள். வகுப்பு வகுப்பாகத்தான் ஒதுக்குகிறோம், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். வகுப்புக்கு 25 பேர், வகுப்புக்குள் ஒப்புமைக் கெழு 0.15 என்றால் வடிவமைப்பு விளைவு 1 + (25 – 1) × 0.15 = 4.6. ஆயிரம் பேர் என்பது புள்ளியியல்படி 217 பேருக்குச் சமம். அதையும் நான்கு நாட்டுக்குப் பிரித்து, மொழிக்கொரு தேர்வு வைத்தால் மிஞ்சுவது என்ன? மாணவர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயன் குறைவு, வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு நாட்டோடு நிறுத்துங்கள். ஏழு நாட்டில் பைலட் என்பது மதிப்பீட்டாளர் கண்ணுக்கு அழகு, தரவுக்குக் கேடு.

லம்ப்சம் (முன்பே பேசிய மொத்தத் தொகை) மானியமாக இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. பணித்தொகுப்பு (திட்ட வேலையின் ஒரு பகுதி) முடிந்தால்தான் அதன் தொகை. 'பைலட்' என்று 6 முதல் 36 மாதம் வரை ஒரே தொகுப்பாக எழுதினால் முதல் அறிக்கையில் அதற்கு ஒரு காசும் வராது. 'பள்ளிச் சேர்க்கையும் அனுமதியும்', 'முதல் சுற்று', 'இரண்டாம் சுற்று' என்று அறிக்கைக் காலங்களுக்கு ஏற்ப வெட்டுங்கள்.

வெயிலான் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம்: இந்தியா, இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பார்ட்னராகச் சேர்ந்தால் பணம் வருமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சுண்டைக்காய் எழுதியது:

இலங்கைக்கு வரும், இந்தியாவுக்குத் தானாக வராது. ஹொரைசன் யூரோப்பில் குறை, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இலங்கை இருக்கிறது. இந்தியா, சீனா, பிரேசில் போன்ற பெரிய பொருளாதாரங்களை விலக்கிவிட்டார்கள். இந்திய நிறுவனம் சேரலாம், ஆனால் அழைப்பு தனியாக அனுமதித்தாலோ, அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது என்று ஏற்கப்பட்டாலோ ஒழிய சொந்தச் செலவு. இருவருமே கூடுதல் பார்ட்னர்தான். குறைந்தபட்ச மூன்று பேர் உறுப்பு நாடுகளிலிருந்தும் இணைந்த நாடுகளிலிருந்தும் (ஒன்றியத்தில் இல்லாமல் ஒப்பந்தம் போட்டு ஹொரைசனில் சேர்ந்தவை) வர வேண்டும், ஒருவராவது உறுப்பு நாடு. பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல் இணைந்த நாடு.

உயர்கல்வியில் இணையவழிக் கற்பித்தல் என்றால் எராஸ்மஸ் பிளஸின் 'உயர்கல்வித் திறன் வளர்ப்பு' பாருங்கள், முதல் பிரிவு 2 முதல் 4 லட்சம் யூரோ. இந்தியா, இலங்கை இரண்டுக்குமே அதில் இடம் உண்டு. தனி ஆளாகப் போகிறவருக்கு மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள்: எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம், கடந்த 36 மாதத்தில், வேலைக்குப் போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது.

ஆடிக்காற்று எழுதியது:

செயற்கை நுண்ணறிவு வைத்து எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஏஐ சட்டம் (2024/1689) கல்வியில் சேர்க்கை, கற்றல் விளைவை மதிப்பிடுவது, ஒருவருக்கு எந்த நிலைக் கல்வி என்று தீர்மானிப்பது, தேர்வில் காப்பியடிப்பதைக் கண்காணிப்பது ஆகியவற்றை உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. வகுப்பறையில் முகம் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பது, மருத்துவ, பாதுகாப்புக் காரணம் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை. ஒரு காலத்தில் இந்த 'சலிப்படைந்த மாணவனைக் கண்டுபிடிக்கும் கேமரா'வுக்கு ஆராய்ச்சிப் பணம் போய்க்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

'நாங்கள் ஆராய்ச்சி, எங்களுக்கு விலக்கு உண்டு' என்பார்கள். சந்தைக்கு வருமுன் நடக்கும் ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. நிஜச் சூழலில் சோதிப்பதற்கு அது பொருந்தாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. பள்ளி பைலட்டை நிஜச் சூழல் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். உணர்ச்சி, தரவரிசை, தேர்ச்சி மூன்றையும் தொடாமல் ஆசிரியருக்குப் பரிந்துரை மட்டும் தருகிற வடிவமைப்பாக இருந்தால் வேலை பாதி குறையும்.

தரவுக்கான சட்ட அடிப்படையையும் ஆய்வுச் சம்மதத்தையும் குழப்பாதீர்கள். அரசுப் பள்ளியில் தரவுக்கு அடிப்படை பெரும்பாலும் 'பொதுப்பணி' (சட்டம் பள்ளிக்குக் கொடுத்த கடமை). ஆய்வில் பங்கேற்க மாணவர், பெற்றோர் சம்மதம் தனிக் காகிதம். இணையச் சேவைக்குக் குழந்தையே சம்மதிக்கும் வயது ஜெர்மனியில் 16, பிரான்சில் 15, ஸ்பெயினில் 14, எஸ்தோனியாவில் 13. ஒரே படிவத்தை நான்கு நாட்டுக்கும் மொழிபெயர்த்து அனுப்பினால் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பும்.

கடலோடி எழுதியது:

மறுபடி வாங்குகிறவன் விஷயத்துக்கு. பள்ளி டிஜிட்டலுக்குப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதியிலிருந்து இத்தாலி 'ஸ்கூலா 4.0'வுக்கு மட்டும் 210 கோடி யூரோ வைத்தது. அந்தக் காசு பெரும்பாலும் பலகை, லேப்டாப், மேசை நாற்காலிக்குப் போகிறது. ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2023இல் வெளியிட்ட 11ஆவது சிறப்பறிக்கையின் சாரமும் இதுவே: முதலீடு கணிசம், ஒன்றிய நிதியைப் பயன்படுத்துவதில் உத்தி இல்லை. ஆராய்ச்சி ஒரு பக்கெட், கொள்முதல் இன்னொரு பக்கெட், நடுவே குழாய் கிடையாது.

குழாய் போடப் பார்த்த முயற்சி இரண்டு வகை. 'வணிகத்துக்கு முந்தைய கொள்முதல்' முறையில் பொது அமைப்புகள் சேர்ந்து பல நிறுவனங்களுக்குக் கட்டம் கட்டமாக ஆராய்ச்சிப் பணம் கொடுத்து வடிகட்டும். கணித, அறிவியல் கற்றலுக்கு இமெய்ல் (IMAILE, மின்னஞ்சல் அல்ல) என்கிற திட்டம் அப்படி நடந்தது. ஓட்டை என்னவென்றால் அது ஆராய்ச்சிச் சேவையை மட்டுமே வாங்குகிறது. பொருளை வாங்கத் திரும்ப ஒரு டெண்டர் விட வேண்டும், அங்கே வேறு யாராவது ஜெயிக்கலாம். பிரான்ஸ் வேறு வழியில் போனது: 2014/24 கொள்முதல் ஆணையின் 31ஆவது பிரிவில் உள்ள 'புத்தாக்கப் பங்காண்மை'. ஒரே ஒப்பந்தத்துக்குள் ஆராய்ச்சியும் வாங்குதலும். தொடக்கப் பள்ளியின் ஆரம்ப வகுப்புகளுக்குப் பிரெஞ்சும் கணக்கும் கற்பிக்கும் ஏஐ கருவிகளை அமைச்சகம் அப்படித்தான் உருவாக்கி, ஆசிரியர்களுக்குக் கொடுத்தது. இதில் ஆராய்ச்சிக் கட்டம் முடியும்போது வாங்குகிறவன் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

முள்முருங்கை எழுதியது:

பிரெஞ்சு முறை மத்தியில் ஒரே அமைச்சகம் இருக்கிற நாட்டுக்குச் சரி. ஜெர்மனிக்கு எப்படி?

கடலோடி எழுதியது:

ஒரு மாநிலத்தோடு ஆரம்பிப்பதுதான். 16 பேரையும் உட்கார வைத்துப் பேசினால் திட்டக் காலம் முடிந்துவிடும்.

பொருநை எழுதியது:

அப்படியானால் ப்ரொபோசலில் 'நிலைத்தன்மை' என்கிற பத்தியில் உருப்படியாக என்ன எழுதுவது? வழக்கமாக 'வணிகத் திட்டம் 30ஆவது மாதத்தில் தயாரிக்கப்படும்' என்று ஒரு வரி போடுவார்கள்.

சுண்டைக்காய் எழுதியது:

அந்த வரியைப் பார்த்தாலே மதிப்பீட்டாளர் அரை மார்க் கழிப்பார், கழிக்கவும் வேண்டும். நான் எழுதச் சொல்வது இவை.

37ஆவது மாதச் சர்வர் செலவு யார் பெயரில்? மாதத் தொகை, பொறுப்பேற்கும் அமைப்பு, எத்தனை வருடம் என்று எண்ணோடு எழுதுங்கள். வாங்கக்கூடிய ஒரு அமைப்பை (நகராட்சி, மாநிலக் கல்வி நிறுவனம், அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவு) பார்ட்னராகச் சேருங்கள். ஆதரவுக் கடிதம் மட்டும் போதாது, எல்லாரிடமும் கடிதம் இருக்கிறது. குறைந்தது 3 ஆள்மாதம் கொடுத்து, கொள்முதல் விவரக்குறிப்பு எழுதும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

தொழில்நுட்பப் பக்கத்தில், தனி லாகின் கூடாது. பிரான்சில் காஆர், நார்வேயில் ஃபைடே, டென்மார்க்கில் யூனி-லாகின், ஜெர்மனியில் விடிஸ் என்று ஒவ்வொரு நாட்டிலும் பள்ளி அடையாள அமைப்பு இருக்கிறது. அதோடு இணைவதற்கு முதல் வருடமே ஆள்மாதம் ஒதுக்குங்கள். கடைசியில் ஒட்டவைக்க நினைத்த கருவிகளை ஆசிரியர்கள் பைலட் முடிந்த மறுநாளே விட்டுவிடுகிறார்கள். 25 பிள்ளைக்குக் கடவுச்சொல் மீட்டுக் கொடுக்க யாருக்கு நேரம்? பள்ளியில் ஏற்கனவே ஓடும் தளத்துக்குள் எல்டிஐ (கற்றல் தளங்களோடு வெளிக் கருவியை இணைக்கும் பொதுத் தரம்) வழியாகத் திறக்கிற மாதிரி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆசிரியர் நேரத்துக்கும் பணம் வையுங்கள். பள்ளியை நேரடிப் பயனாளியாகச் சேர்த்தால் பதிவு எண், சட்டப் பிரதிநிதி, அறிக்கை என்று தலைமையாசிரியர் ஓடிவிடுவார். அழைப்பு அனுமதித்தால் மூன்றாம் தரப்பு நிதியுதவி (பார்ட்னர் அல்லாதவருக்குத் திட்டப் பணத்திலிருந்து தருவது) வழியாகக் கொடுக்கலாம். பொதுவான உச்சவரம்பு ஒருவருக்கு 60,000. அனுமதிக்காவிட்டால் பதிலி ஆசிரியர் செலவைப் பல்கலைக்கழகத்தின் 'பிற சேவைகள்' தலைப்பில் வாங்கலாமா என்று உங்கள் நிதிப் பிரிவை முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்த சுற்று பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் கமிஷன் முன்வைத்த 2028–2034 வரைவில் ஹொரைசனுக்கு 17,500 கோடி, எராஸ்மஸ் பிளஸுக்கு 4,080 கோடி யூரோ. வரைவு வரைவுதான், பேரம் பாக்கி இருக்கிறது. தொகை ஏறினாலும் 165ஆவது பிரிவு மாறாது, அதனால் கொள்முதல் பார்ட்னரை இப்போதே தேடி வைப்பவர்களுக்கு முதல் அழைப்பில் ஓட்டம் குறையும்.

பொருநை எழுதியது:

நன்றி. கணக்குப் பகுதியையும் காலண்டரையும் இழையின் மேலே ஒட்டி வைக்கச் சொல்லி நிர்வாகிகளைக் கேட்டிருக்கிறேன். கேஏ220 பட்ஜெட்டைப் பணித்தொகுப்பாகப் பிரிப்பது பற்றி முள்முருங்கை தனி இழை தொடங்கினால் நல்லது.